சராசரி மறைப்பதும் காட்டுவதும்: ஓர் அமெரிக்கப் பள்ளியின் அறிக்கையை வாசிக்கும் முறை

அமெரிக்காவின் அரசுப் பொதுப் பள்ளி ஒவ்வொன்றைப் பற்றியும் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடப்படுகின்றது. ஜூனியர் ஹை ஸ்கூல் எனப்படும் இளநிலை உயர்பள்ளி ஒன்றின் அறிக்கையை எடுத்து நோக்கினால், இருவகைச் செய்திகளை அதில் காண்கிறோம். வாசிப்பிலும் கணிதத்திலும் எத்தனை விழுக்காட்டினர் தேர்ச்சியடைந்தனர் என்பது ஒன்று. அம்மாணவர்கள் யார், எந்த இனத்தவர், வறுமையில் வாழ்வோர் எத்தனை பேர், ஆங்கிலத்தை இப்போதுதான் கற்போர் எத்தனை பேர் என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் வாசிப்போரே மிகுதி. இரண்டாவதோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் முதலாவதற்குப் பொருள் பிறக்கின்றது என்பதே நாம் இங்கு விளக்க முற்படுவது.

இப்பள்ளி வகையின் தொடக்கம் 1909-ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் தோன்றிய இண்டியானோலா பள்ளியில் காணப்படுகின்றது. எட்டாம் வகுப்போடு கல்வியைக் கைவிட்டுச் சென்ற பிள்ளைகளை உயர்நிலைக் கல்விக்கு இட்டுச்செல்லும் பாலமாக, ஏழு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகள் தனியே அமைக்கப்பட்டன. 1960-களுக்குப் பின்னர் பல இடங்களில் ஆறு முதல் எட்டு வரையிலான நடுநிலைப் பள்ளிகள் இவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

மாணவரின் பின்னணியையும் தேர்ச்சியையும் இணைத்து நோக்கிய முதற்பேராய்வு, 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆணைப்படி சமூகவியலறிஞர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் நடைபெற்று 1966-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 4,000 பள்ளிகள் அதில் ஆராயப்பட்டன. கட்டடமும் நூலகமும் செலவுத் தொகையுமே வேறுபாட்டுக்குக் காரணமாயிருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் குடும்பப் பின்னணியும் உடன்பயிலும் மாணவரின் பின்னணியுமே மதிப்பெண் வேறுபாட்டைப் பெரிதும் விளக்குகின்றன என்று ஆய்வு கண்டது. இதனைக் கொண்டு பள்ளியால் பயனே இல்லை என்று சிலர் முடிவுகட்டினர். அது பிழையான வாசிப்பு. பள்ளியின் சராசரி மதிப்பெண், அப்பள்ளியின் உழைப்பை மட்டும் அளப்பதன்று என்பதே அதிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினை.

2002 ஜனவரியில் அதிபர் புஷ் கையொப்பமிட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' என்னும் சட்டம், மூன்று முதல் எட்டு வரை எல்லா வகுப்பினருக்கும் ஆண்டுத் தேர்வைக் கட்டாயமாக்கியது. இனம், வறுமை, மாற்றுத்திறன், ஆங்கிலப் பயிற்சி எனப் பிரிவுவாரியாக முடிவுகளை வெளியிட வேண்டும் என்றும் விதித்தது. நல்ல சராசரியின் பின்னே ஒளிந்திருந்த ஏழைப் பிள்ளைகளின் நிலை இதனால் வெளிச்சத்துக்கு வந்தது. எனினும் 2014-க்குள் அனைவரும் தேர்ச்சியடைய வேண்டும் என்ற இலக்கும், ஒரு பிரிவு தவறினாலும் பள்ளி முழுவதுமே தவறியதாகக் கொள்ளும் விதியும், பலதரப்பட்ட மாணவரை ஏற்றுக்கொண்ட பள்ளிகளையே மிகுதியும் வருத்தின. 2015-இல் வந்த அடுத்த சட்டம் அவ்விலக்கைக் கைவிட்டது. பிரிவுவாரிக் கணக்கைக் காத்துக்கொண்டது.

சராசரி எவ்வாறு ஏமாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். நூறு மாணவர் கொண்ட ஒரு பள்ளியில் வசதியுள்ளோர் 80 பேர், அவர்தம் சராசரி 70. ஏழையர் 20 பேர், அவர்தம் சராசரி 40. பள்ளியின் சராசரி 64 ஆகும். சில ஆண்டுகளில் இரு பிரிவினரும் சமமாகி, ஐம்பது ஐம்பது பேராகின்றனர். வசதியுள்ளோரின் சராசரி 74-ஆகவும் ஏழையரின் சராசரி 46-ஆகவும் உயர்கின்றன. ஆயினும் பள்ளியின் சராசரியோ 60-ஆகத் தாழ்கின்றது! இரு பிரிவினரும் முன்னேறியிருக்க, பள்ளி சரிந்துவிட்டதாக ஊர் பேசும்.

ஆகவே, மாணவர் எங்கு நிற்கின்றனர் என்பதைக் காட்டிலும், எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்துள்ளனர் என்று கேட்பதே நேர்மையான அளவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. சிகாகோ நகரப் பொதுப் பள்ளி மாணவரிற் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்தினர். மூன்றாம் வகுப்பில் அவர்கள் தேசிய சராசரிக்கு மிகவும் கீழே இருந்தனர். ஆனால் எட்டாம் வகுப்பை எட்டுவதற்குள், ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஆறாண்டுக் கல்வி வளர்ச்சியை அவர்கள் அடைந்திருந்தனர். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கண்டவர்க்கு இவ்வுண்மை தென்பட்டிராது.

பின்னணியைக் காட்டும் எண்களும் குறைபாடற்றவை அல்ல. இலவச மதிய உணவுக்கும் சலுகை விலை உணவுக்கும் தகுதியுடையோர் எண்ணிக்கையே நெடுங்காலம் வறுமைக்கு அளவுகோலாயிருந்தது. 2014-க்குப் பின்னர், ஏழையர் மிகுந்த பள்ளிகள் எல்லா மாணவர்க்கும் இலவச உணவு வழங்கும் ஏற்பாடு நாடெங்கும் வந்தமையால் அவ்வளவுகோல் நம்பகம் குறைந்தது. இனப் பகுப்பிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 1997-ஆம் ஆண்டின் மைய அரசு விதிப்படி அரபு வம்சாவளியினர் வெள்ளையர் பிரிவில் அடங்கினர். யெமனிலிருந்து அகதியாக வந்த சிறுவனும் பல தலைமுறை வசதியுள்ள ஐரோப்பிய வம்சாவளிச் சிறுவனும் ஒரே வரிசையில் எண்ணப்பட்டனர். தமிழரும் வங்காளியரும் சீனரும் 'ஆசியர்' என ஒன்றாயினர். மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினர்க்குத் தனிப்பிரிவு அமைக்கும் முடிவு 2024 மார்ச்சில்தான் அறிவிக்கப்பட்டது. எண்ணப்படாதவரின் தேவை எவர் கண்ணிலும் படுவதில்லை.

இவற்றையெல்லாம் ஏட்டளவிலான ஆராய்ச்சி என்று ஒதுக்குவதற்கில்லை. அங்குப் பள்ளிச் செலவின் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்தே வருகின்றது. உயர்ந்த சராசரியைத் தேடி வசதியுள்ளோர் வீடு மாறுகின்றனர்; அவர் சென்ற இடத்தில் வீட்டு விலையும், அதன்வழி வரியும் பெருகுகின்றன; அவர் நீங்கிய பள்ளியில் வறுமை செறிகின்றது; சராசரி மேலும் தாழ்கின்றது. இங்கிருந்து சென்று அந்நாட்டில் வாழும் நம்மவரும் பள்ளி பார்த்தே வீடு தேடுகின்றனர். அவர்கள் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளட்டும். இப்பள்ளிக்கு யார் வருகின்றனர்? வந்த ஒவ்வொரு பிரிவினரும் ஓராண்டில் எவ்வளவு வளர்கின்றனர்? இக்கணக்கில் இடம்பெறாத பிள்ளை யார்? இவற்றுக்கு விடை காணாமல் ஒரு பள்ளியை நல்லதென்றோ தீயதென்றோ தீர்ப்பளிப்பது, ஆசிரியரின் உழைப்புக்கும் பிள்ளைகளின் முயற்சிக்கும் இழைக்கும் அநீதியாகும்.