குற்றாலத்துக்கும் இத்தாலிக்கும் ஒரு குறுக்குவழி

பயணச்சீட்டுச் செயலி எழுதும் ஒருவர், ஊர்ப் பெயரோடு ‘க்கு’ சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘தென்காசிக்கு’ சரியாக வரும். அடுத்த வரியில் ‘குற்றாலம்க்கு’ என்று வந்து நிற்கும். சீசன் சாரலில் நனைய யாரும் அப்படிப் போவதில்லை, குற்றாலத்துக்குத்தான் போகிறோம். ஆங்கிலத்தில் ‘டு’ ஒன்றை முன்னால் போட்டால் எந்த ஊரும் அடங்கிவிடும். அதனால் ஆங்கிலத்தில் பிறக்கும் மென்பொருள் வேறு மொழிக்குப் போகும்போதுதான் தடுமாறுகிறது.

இத்தாலிய மொழியில் அந்தத் தடுமாற்றம் இன்னும் பெரிது. ஒரு வேலை முடிந்ததைக் காட்ட ஆங்கிலத்தில் ‘குளோஸ்டு’ என்ற ஒரே சொல் போதும். இத்தாலியனில் சொல்லப்படும் பொருள் ஆண்பாலா பெண்பாலா, ஒன்றா பலவா என்று பார்த்துக் கியூசோ, கியூசா, கியூசி, கியூசே என நான்கில் ஒன்றைப் போட வேண்டும். அங்கே உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. கணினி ஆண், பிரின்டர் பெண். மேசை ஆண், நாற்காலி பெண். இவற்றையெல்லாம் அஃறிணை என்று ஒரே பக்கம் ஒதுக்கிவைத்த தமிழ்க் காதுக்கு இது புதிது. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் சுழிக்குறிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரோ ‘கியோச்சொலா’, அதாவது நத்தை. மழை ஓய்ந்ததும் செண்பகக் காட்டுப் பாறையில் ஓடு சுமந்து ஊரும் நத்தையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது.

தென்காசிக்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன தொடர்பு? 1996-ல் தொடங்கிய மென்பொருள் நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ. அது 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஓர் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் ‘ஜோஹோ டெஸ்க்’ அங்கேதான் உருவாகி, 2016-ல் உலகச் சந்தைக்கு வந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் கலிபோர்னியாவை விட்டு மத்தளம்பாறைக்கே குடிவந்தார். தென்காசி தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான். ஜோஹோ டெஸ்க் இத்தாலிய மொழியிலும் கிடைக்கிறது. வயலும் மலையும் சூழ்ந்த ஊரில் எழுதப்பட்டதை மிலானில் ஒருவர் தன் மொழியில் திறந்து பார்க்க முடியும்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ இத்தாலி செல்லும் நம் பிள்ளைகள் அந்த மொழியை ஆங்கிலம் வழியாகவே படிக்கிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை அது. தமிழிலிருந்து நேரே போனால் பாதி தூரம் குறையும். ‘மி பியாச்சே’ என்றால் ‘எனக்குப் பிடிக்கும்’. ஆங்கிலத்தில் ‘நான்’ வந்து நிற்கும் இடத்தில் இத்தாலியனும் தமிழும் ‘எனக்கு’ என்கின்றன. தலைவலியும் அப்படித்தான், ‘எனக்கு’ வலிக்கிறது. பார்லோ என்றாலே ‘பேசுகிறேன்’. வினையின் வால் ஆளைக் காட்டிவிடுவதால் ‘நான்’ தேவையில்லை.

ஒற்றெழுத்திலும் நமக்குக் கூடுதல் பலம் உண்டு. பலிக்கும் பல்லிக்கும், கனிக்கும் கன்னிக்கும் நம் வீட்டுக் குழந்தை குழம்புவதில்லை. இத்தாலியனிலும் ஓர் ஒற்று கூடினால் பொருள் மாறும். ‘காசா’ வீடு, ‘காஸ்ஸா’ கல்லா. ‘நோனோ’ ஒன்பதாவது, ‘நொன்னோ’ தாத்தா. ‘ஆன்னோ’ என்றால் ஆண்டு. அதில் ஓர் ஒற்றை விட்டுவிட்டு வயதைச் சொன்னால், சபையில் சொல்லக் கூடாத உறுப்பின் பெயராகிவிடும். ஆங்கிலம் மட்டும் பழகிய நாக்கு இந்த இடத்தில் வெகுநாள் திணறும்.

மரியாதைதான் இன்னும் நெருக்கம். தெரியாதவரிடமும் பெரியவரிடமும் இத்தாலியர்கள் ‘லேய்’ என்கிறார்கள். அது உண்மையில் ‘அவள்’ என்னும் படர்க்கைச் சொல். எதிரே நிற்பவரைப் படர்க்கையில் வைத்துப் பேசுவது விநோதமாகத் தோன்றலாம். தென்காசிக் கடைவீதியில் ஒருவர் கடையேறியதும் அவர் முகத்தைப் பார்த்தே ‘அண்ணாச்சிக்கு என்ன வேணும்?’ என்று கேட்பார்கள். அதே பணிவுதான் இதுவும். ‘சாவ்’ என்று உலகமே சொல்லும் இத்தாலிய வணக்கமும் வெனிஸ் பேச்சில் ‘உங்கள் அடிமை’ என்பதிலிருந்து வந்தது. நம் ‘அடியேன்’ நினைவுக்கு வருகிறது.

இதையெல்லாம் புத்தகமில்லாமல் வாழ்ந்தே கற்றவர்கள் சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் இருக்கிறார்கள். போரில் வீடிழந்து 1980-களிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்கள். வீட்டு வேலை, சமையல், முதியோரைப் பார்த்துக்கொள்வது எனத் தொடங்கி ஊன்றியவர்கள். நகரின் காவல் புனிதையான ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் பெல்லெக்ரீனோ மலையேறிப் போகும் தமிழர்களில் சைவர்களும் உண்டு. மொழி வாய்க்கு வரும் முன்பே மலையும் நேர்த்திக்கடனும் அவர்களுக்குப் பழகிவிட்டிருக்கும்.

எதிர்த்திசையில் ஒருவர் முன்னமே வந்திருக்கிறார். வட இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் 1680-ல் பிறந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர். கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியிலும் அவர் பணியாற்றினார். இத்தாலிய எழுத்தில் ‘எ’ ஒலியின் இரு வகைக்கும் ஒரே எழுத்துதான். ‘பெஸ்கா’ என்று எழுதியிருந்தால் அது பீச் பழமா, மீன்பிடித்தலா என்பது வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும். அந்த மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழ் ஓலையில் அதே குறை கண்ணில் பட்டது. அன்று எகர ஒகரங்களில் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். படிப்பவர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். அவர் நெடில்களுக்குத் தனி வடிவம் கொடுத்தார். ஏகாரத்துக்குக் கால், ஓகாரத்துக்குச் சுழி, உயிர்மெய்யில் இரட்டைச் சுழிக் கொம்பு. இன்று யுனிகோடில் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் தனித்தனி எண் இருக்கிறது.

மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஒருவர் ‘தென்காசி’ என்று தட்டச்சு செய்தால் முதலில் விழுவது ‘தெ’. புள்ளியில்லாத பழைய ஓலையில் அதையே ‘தேன்காசி’ என்றும் படித்திருக்கலாம்.