மலைக்கு அப்பாலிருந்து வரும் தண்ணீர்



தேனியிலிருந்து குமுளி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வீரபாண்டி தாண்டியதும் இருபுறமும் நெல் வயல், வாழை, தென்னை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று சிற்றூர்கள் வரிசையாக வருகின்றன. இதுவே கம்பம் பள்ளத்தாக்கு. முதல் தடவை பார்க்கிறவர்கள், "இந்த ஜனங்களுக்கு என்ன குறை?" என்று கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

ஆனால் இந்தச் செழிப்பு தானாக வந்ததல்ல. 1876-78 பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்ட பாட்டுக்குப் பிறகே, மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனை வேகம் பிடித்தது. 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. பென்னிகுவிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1887-ல் தொடங்கிய அணை, 1895-ல் திறக்கப்பட்டது. காட்டுக் காய்ச்சலில் மாண்ட கூலியாட்கள் பலர். அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது? பென்னிகுவிக்கின் படத்தையோ இன்றும் வீடுகளில் மாட்டி, தைப் பொங்கல் சமயத்தில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள்.

மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வரும் அந்தத் தண்ணீர், லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, முல்லையாற்றில் சேர்ந்து பள்ளத்தாக்கின் வழியே வைகைக்குப் போகிறது. வழியில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்தால் நாற்றங்கால் வேலை உடனே ஆரம்பம். தள்ளிப்போனால் இரண்டாம் போகமும் தள்ளும். கடைப் பாக்கி, பள்ளிக் கட்டணம், கல்யாணம் எல்லாம் கூடவே தள்ளும். 1979-ல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இங்கே வெடி வெடித்துக் கொண்டாடியதில் ஆச்சரியமில்லை.

திராட்சையின் கதை வேறு. பழைய கத்தோலிக்க ஆலயமுள்ள இராயப்பன்பட்டியிலும், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கங்களிலும் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் உண்டு. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கவாத்து செய்த நாலு மாதத்தில் பழம் தயார். ஆளுக்கொரு சமயத்தில் கவாத்து செய்வதால் இங்கே ஆண்டு முழுவதும் அறுவடை, வடக்கே அப்படியில்லை. ஆனால் பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். வெட்டாமல் வைத்திருக்கவும் முடியாது, வெட்டினால் வியாபாரி சொன்னதே விலை. பந்தல் போட வாங்கிய கடனோ பந்தலோடு நிற்கிறது.

நிலமில்லாதவர்களுக்கு இந்தப் பச்சையில் பங்கு கூலி மட்டுமே. விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்புக்குக் காத்து நிற்பதைப் பார்க்கலாம். மலையேறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களில் வேலை செய்து, இருட்டுகிற நேரத்தில் திரும்புவார்கள். ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நமக்குத்தான் பயமாயிருக்கும். 2011 டிசம்பரில் அணைத் தகராறில் குமுளி எல்லை அடைபட்டபோது அந்த ஜீப்புகள் நின்றன. வாழையும் காய்கறியும் தேங்கின. வயல் வைத்திருந்தவர் சமாளித்தார். காலையில் தூக்குச்சட்டியோடு நின்றவள் கடைக்காரரிடம் அரிசியைக் கடன் கேட்டாள்.