முதல் ரேங்க் மாணவர்கள் ஒரே வகுப்பில் சேரும்போது

முதல் ரேங்க் வாங்கியே பழகிய நூறு பேரை ஒரே வகுப்பில் உட்கார வைத்தால், அவர்களில் ஐம்பது பேர் கீழ்ப்பாதிக்குப் போயே தீர வேண்டும். யாருடைய அறிவும் குறைந்துவிடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டம்தான் மாறியிருக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரிகள் என, கடும் போட்டிக்குப் பிறகே இடம் கிடைக்கும் கல்லூரிகளில் முதல் செமஸ்டரிலேயே இது நேர்ந்துவிடுகிறது. உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் சிட்னி பள்ளிகளில் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சமமான திறமை கொண்ட இரு மாணவர்களில், சராசரி உயர்ந்த பள்ளியில் படிப்பவரே தன் திறமையைத் தாழ்வாக மதிக்கிறார். 'சிறிய குளத்தின் பெரிய மீன்' என்ற பெயரில் அறியப்படும் இந்த விளைவு, பிறகு பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசா தேர்வுத் தரவுகளைக் கொண்டு பல நாடுகளில் உறுதிப்பட்டது.

சேர்வராயன் மலையையும் அதன் கீழே விரியும் சேலம், நாமக்கல் சமவெளியையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் வந்துசேரும் வழிகள் ஒரே வட்டாரத்தில் தெரியும். ஏற்காட்டில் 1917இல் தொடங்கப்பட்ட மான்ட்ஃபோர்ட் போன்ற பழைய உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. சுற்றிலும் மலைக் கிராமங்களில், மலையாளி பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள். மலையிறங்கித் தெற்கே போனால் ராசிபுரம், நாமக்கல் பகுதியின் தனியார் உறைவிடப் பள்ளிகள்.

நாமக்கல் பள்ளிகளின் வளர்ச்சிக்குக் காரணம் உண்டு. தமிழகத்தில் 2007-08 முதல் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு இல்லாமல் போனது. பிளஸ் 2 கட்-ஆஃப் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்தது. அரை மதிப்பெண்ணில் கல்லூரி கைநழுவும் நிலையில், பல பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிளஸ் 2 பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தின. விடியற்காலை தொடங்கி இரவு வரை நீளும் ஸ்டடி, அன்றாடத் தேர்வு, மதிப்பெண் வாரியாகப் பிரித்த வகுப்புகள். கட்-ஆஃப் கிடைத்தது. ஆனால் பிளஸ் 1 இயற்பியலும் கணிதமும் அடித்தளமாகத் தேவைப்படும் முதலாண்டுப் பொறியியல் பாடங்களில் அரியர் விழுந்தது. இந்த மாணவர்களின் சோர்வை மனபலக் குறைவு என்று சொல்வது அநியாயம். சொல்லித்தரவேண்டிய பாடம் அவர்களுக்குச் சொல்லித்தரப்படவே இல்லை. அரசு 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பிளஸ் 1க்கும் பொதுத்தேர்வு நடந்தது. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு மீண்டும் விலக்கப்பட்டது.

அழுத்தம் எல்லாமே கேடு என்று சொல்லவும் முடியாது. ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் இருவரும் 1908இல் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, இரு பெட்டிகளை வேறுபடுத்தி அறியப் பழக்கினார்கள். வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக்கூடக் கற்றலும் வேகமெடுத்தது. வேறுபாட்டைக் காண்பது கடினமானபோது மிதமான அதிர்ச்சியே பலன் தந்தது. அதற்கு மேல் போனால் கற்றல் பின்தங்கியது. மனிதருக்கும் நெருக்கடியில் கார்ட்டிசால் சுரப்பது இயல்பு. சிறிது நேரம் சுரந்து அடங்கினால் கவனம் கூர்மையாகும். வாரக்கணக்கில் அடங்காவிட்டால் உறக்கம் கெடும். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸும், யோசித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் புறணியும் பாதிக்கப்படும். கடினமான பாடத்துக்குத் தேவையான மூளைப் பகுதிகளே தளர்ந்துபோகின்றன.

மலைக் கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போகும் மாணவருக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது: 'இது எனக்கான இடம்தானா?' என்ற கேள்வி. ஒரு தாழ்ந்த மதிப்பெண்கூட அதற்கு 'இல்லை' என்ற பதிலாகத் தோன்றிவிடும். அமெரிக்காவில் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. தொடக்கத்தில் அந்நியமாக உணர்வது எல்லோருக்கும் நேர்வதே, அது நாளடைவில் மாறும் என்ற சீனியர்களின் அனுபவத்தை முதலாண்டு மாணவர்களைப் படிக்க வைத்தார்கள். அதைப் பற்றி எழுதவும் வைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேர வேலைதான். அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. தாங்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் அவர்கள் தெரிவித்தார்கள்.

மதிப்பிடும் முறையை மாற்றிப் பார்த்த இடங்களும் உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு கிரேடுகளை எடுத்துவிட்டு 'தேர்ச்சி', 'தேர்ச்சியில்லை' என்று மட்டும் குறித்தது. 2009இல் வெளியான ஆய்வின்படி மாணவர்களின் மனநலம் மேம்பட்டது. தேசிய உரிமத் தேர்வு மதிப்பெண் குறையவில்லை. எம்.ஐ.டி.யிலும் முதல் செமஸ்டர் கிரேடுகள் சான்றிதழில் ஏறுவதில்லை. நம் கல்லூரிகளிலோ வகுப்பின் சராசரியைப் பார்த்து கிரேடு பிரிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சக மாணவரின் வெற்றி தன் கிரேடைக் குறைக்கும் என்ற நிலையில் பாடத்தைச் சேர்ந்து படிக்க யாருக்கும் மனம் வராது. முதலாண்டிலாவது இதைக் கைவிடுவது பணச்செலவு இல்லாத சீர்திருத்தம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். தற்கொலைக்குக் காரணம் ஒன்றாக மட்டும் இருப்பதில்லை. தேர்வுத் தோல்வி பலவற்றில் ஒன்று. மனம் துவண்டவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயர்கல்வி மாணவர்களின் மனநலத்தை ஆராய உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில், ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், ஹாஸ்டல் எல்லாவற்றுக்கும் பொருந்தும் நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து வகுப்பு பிரிப்பதையும், பலர் முன்னிலையில் மாணவரை அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.