சாரநாத்தில் அரைநாள்

காசியில் வாழும் தமிழன்பர்கள், ஊரிலிருந்து வரும் உறவினரை அனுமான் கட்டத்துக்கும் விசுவநாதர் சந்நிதிக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். ரயிலுக்கு நேரமிருந்தால் சாரநாத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவர். சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்விடத்துக்கு அரைநாளேனும் ஒதுக்க வேண்டுமென்பது நம் கருத்து. வெள்ளிக்கிழமை வேண்டாம்; அன்று காட்சிசாலைக்கு விடுமுறை.

முதலில் அகழ்ந்தெடுத்த களத்தைப் பார்த்துவிடுவோம். அங்கே செங்கல் அடித்தளம் ஒன்று வட்டமாகக் கிடக்கிறது. தர்மராஜிகா என்னும் தூபியில் எஞ்சியது அவ்வளவே. 1794-ஆம் ஆண்டில், அங்காடி கட்டச் செங்கல் வேண்டி அதனை இடித்தார்கள். உள்ளே கற்பெட்டியும், அதனுள் பளிங்குச் செப்பும், செப்பினுள் எலும்புத் துண்டுகளும் இருந்தன. எலும்புகளைக் கங்கையில் விட்டுவிட்டனர். அவமதிக்கும் எண்ணத்தோடு செய்ததாக நமக்குத் தோன்றவில்லை. நம்மவரும் அஸ்தி கரைக்கத்தானே காசிக்கு வருகிறோம்? ஆயினும், அவை யாருடையவை என்று ஆராயும் வாய்ப்பு அன்றே ஆற்றோடு போயிற்று.

அருகில் அசோகரின் தூண் முறிந்து நிற்கிறது. சங்கத்தில் பிளவு உண்டாக்குவோரை வெள்ளாடை உடுத்தி வெளியேற்றுக என்னும் ஆணையைப் பிராமி எழுத்தில் அதில் காணலாம். அதன் சிகரம் 1905-இல் அகழ்வின்போது கிடைத்தது. 1910-இல் கட்டிமுடித்த காட்சிசாலையின் நடுக்கூடத்தில் இன்று அது வீற்றிருக்கிறது.

1950-ஆம் ஆண்டு முதல் நம் தேசிய இலச்சினை அதுவே. நாணயத்தில் மூன்று சிங்கங்களையே பார்த்துப் பழகிய நமக்கு, நான்காவது சிங்கம் இங்கேதான் அகப்படும். இலச்சினையில் விடுபட்ட கவிழ்ந்த தாமரையும் கீழே உண்டு. சிங்கங்களின் தலைக்குமேல் 32 ஆரங்கள் கொண்ட பெருஞ்சக்கரம் ஒன்றும் இருந்தது. அதன் உடைந்த துண்டுகளே மிஞ்சின. சுனார் மணற்கல்லில் ஏற்றிய மெருகோ, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் மங்கவில்லை.

பின்னர், 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, அறவுரை பகரும் புத்தரிடம் வருவோம். ஆடையில் மடிப்பே கிடையாது. கழுத்திலும் கையோரத்திலும் ஒரு மெல்லிய விளிம்பு, அவ்வளவுதான். பீடத்தில் சக்கரமும் ஐந்து சீடரும். ஓரத்தில் ஒரு பெண், குழந்தையுடன். நம் ஊர்க் கிழவியர் இங்கே தம்மையறியாமல் கைகூப்புவார்கள். காட்சிசாலையில் கும்பிடலாமா என்று உடன் வந்த பிள்ளைகள் கேட்டால், தாராளமாகக் கும்பிடலாம்; அதன்பின் அந்த விரல்களை இன்னும் சற்று நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.