கடைந்த மரத்துக்கு அரக்கு மெருகு

நிலத்தை விட்டு வந்த விவசாயக் குடும்பங்கள் பல, இரவல் வளவுகளிலும் உறவினர் வீட்டுக் கோடிகளிலும் இருந்துகொண்டு ஏதாவதொரு கைத்தொழிலைத் தொடங்க முயல்கின்றன. மரக்கடைச்சலும் அவற்றுள் ஒன்று. கலப்பையும் மண்வெட்டிப் பிடியும் தானே செப்பனிட்டுப் பழகிய விவசாயியின் கைக்கு உளி விரைவில் இசைந்துவிடும். ஆனால் மத்து, பம்பரம், கிலுகிலுப்பை, சிமிழ், கட்டிற்கால் என்று அழகாகக் கடைந்தும் சந்தையில் நல்ல விலை கிடைக்கவில்லையே என்ற மனத்தாங்கல் பலரிடம் உண்டு.

இதற்கு முக்கியமான காரணம் மெருகு இல்லாமையே. வெறும் மரம் கைபட்ட இடமெல்லாம் ஊத்தை பிடிக்கும். ஈரத்தை உறிஞ்சி ஊதும். பின்னர் காய்ந்து வெடிக்கும். கடைக்காரர் இதை நன்கு அறிவார். எனவேதான் விலையைக் குறைத்துக் கேட்கிறார். அதிக முதலின்றி, கடைச்சல் பொறியிலேயே பூசக்கூடிய அரக்கு மெருகைப் பற்றி இங்கு விளக்குவோம்.

அரக்கு என்பது என்ன?

அரக்கு ஒரு சிறு பூச்சி தரும் பிசின். இப்பூச்சிகள் கூட்டங் கூட்டமாகச் சில மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி, சாற்றைக் குடித்து, தம்மைச் சுற்றிப் பிசினைச் சுரந்து மூடிக்கொள்கின்றன. அந்தக் கிளைகளை வெட்டிச் சுரண்டி, நொறுக்கி, கழுவி, உருக்கித் துணியில் வடித்தால் பொன்னிறத் தகடுகளாகக் கிடைப்பதே கடைகளில் ‘செல்லாக்’ என்று விற்கப்படுவது. உலகில் அரக்கை அதிகம் விளைவிக்கும் நாடு இந்தியா; அங்கு சார்க்கண்ட் மாநிலம் முதலிடம் வகிக்கின்றது. அங்குள்ள சிறு விவசாயிகள் பலாசு, இலந்தை மரங்களிலும், நாம் கூழா என்றும் சிங்கள மக்கள் கோன் என்றும் அழைக்கும் மரத்திலும் இதனை வளர்க்கின்றனர். ஆகவே அரக்கும் ஒரு விவசாயியின் விளைச்சலே.

எமது நாட்டிலும் இத்தொழில் பழமையானது. மாத்தளையை அடுத்த ஹப்புவித என்ற ஊரின் கைவினைஞர்கள் இளகிய அரக்கை நூலாக இழுத்து, நகத்தால் கிள்ளி ஒட்டி, ஆலவட்டக் காம்புகளையும் கைத்தடிகளையும் அலங்கரித்தனர். கடைச்சல் பொறியில் பூசும் முறை இதிலும் வேறானது. 1908இல் வெளியான தமது நூலில் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி இவ்விரண்டையும் வேறுபடுத்தி விளக்கியிருக்கிறார். இந்தியாவில் கர்நாடகத்தின் சன்னப்பட்டணமும் ஆந்திரத்தின் எடிகொப்பாக்காவும் கடைச்சல் அரக்கு விளையாட்டுப் பொருட்களுக்குப் பேர்போனவை.

இம்முறையின் சிறப்பு

அரக்கு, கொதிநீரின் சூட்டை எட்டுமுன்பே இளகிவிடும் தன்மையுடையது. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தும்போது உராய்வினால் எழும் சூடே அதனை இளகச் செய்யப் போதுமானது. அடுப்பு வேண்டாம், தூரிகை வேண்டாம், காய்வதற்கென்று நாட்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். மின்சாரம் இல்லாத இடத்தில், ஒருவர் கயிற்றை இழுக்க மற்றவர் உளி பிடிக்கும் பழைய முறைக் கடைச்சலிலும் இது முடியும். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யத்தக்க வேலை இது.

ஆயினும் ஒன்றைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். அரக்கு எந்தக் குறையையும் மறைக்காது. மரத்தில் இருக்கும் கீறலை மினுக்கிக் காட்டுமே தவிர மூடாது. ஆகையால் உழைப்பின் பெரும்பகுதி மெருகிடுவதற்கு முன்பே செலவிடப்பட வேண்டும்.

முதற் படி: மரத்தை உலர்த்தல்

பச்சை மரத்தில் அரக்கைப் பூசினால் முதல் நாள் மினுங்கும். பின்னர் உள்ளீரம் வெளியேற மரம் சுருங்கி, பூச்சு வெடித்து உதிரும். நெருக்கமான நார் உள்ள மரங்களே சிறந்தவை. பூவரசு, மஞ்சவண்ணா, பலா, வேம்பு என்பன பொருந்தும். வெட்டிய துண்டுகளின் இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவுங்கள். முனை வெடிப்பது குறையும். வெய்யிலில் போடாது, நிழலில், காற்று ஊடாடும்படி இடையில் சலாகை வைத்து அடுக்குங்கள். விரைவாக உலர வேண்டுமாயின், வேண்டிய அளவிலும் சற்றுத் தடிப்பாகக் கடைந்து வைத்துவிட்டு, உலர்ந்தபின் இறுதியாகக் கடையலாம்.

உலர்ந்துவிட்டதா என அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு துண்டைக் கிழமைக்கு ஒருமுறை கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். நிறை குறைந்துகொண்டு போகும்வரை ஈரம் உண்டு. தொடர்ந்து சில கிழமைகள் நிறை மாறாதிருந்தால் அம்மரம் வேலைக்கு ஆயத்தம்.

இரண்டாம் படி: வழவழப்பாக்கல்

கூரான உளியால் கடைந்து முடித்தபின், அரத்தாளை 80, 120, 180, 240 என்ற இலக்க வரிசையில் பாவியுங்கள். ஓர் இலக்கத்தைத் தாண்டிச் சென்றால் முந்திய தாளின் கீறல் அப்படியே நின்றுவிடும். பின்னர் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள். படிந்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். 240ஆம் இலக்கத் தாளால் மீண்டும் இலேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: அரக்குக் குச்சி செய்தல்

அரக்குத் தகடுகளை மண்சட்டியில் இட்டு, சுவாலையில்லாத கரித்தணலில் மெதுவாக இளக்க வேண்டும். அதிகம் சூடேறினால் அரக்கு இறுகி, பின்பு எப்பொழுதும் உருகாது போய்விடும். இளகியதும் வண்ணப்பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மா பிசைவது போலப் பிசைந்து, பல தடவை இழுத்து மடித்து, நிறம் ஒரே சீராக வந்ததும் விரற்கடை தடிப்பில் குச்சியாக உருட்டி ஆறவிடுங்கள். இளகிய அரக்கு தோலில் ஒட்டிச் சுட்டுவிடும். அருகில் ஒரு சட்டி தண்ணீர் இருக்கட்டும்.

நான்காம் படி: பூசுதல்

பொறி சுழலும்போது குச்சியை ஓரத்திலிருந்து மெல்ல அழுத்தி நகர்த்துங்கள். அரக்கு பட்டையாகப் படியும். மிகையாக அழுத்தினால் திட்டாகக் கருகும், போதாவிடின் ஒட்டாது. இந்தப் பதம் கைப்பழக்கத்தால் வருவது. விறகுக்கு ஒதுக்கிய துண்டுகளில் முதலில் பழகுங்கள். பின்னர் ஓர் ஓலைக் கீற்றை மடித்து, சுழலும் அரக்கின்மேல் அழுத்துங்கள். அரக்கு மீண்டும் இளகி, எங்கும் சமமாகப் பரவி, கண்ணாடிபோல் மினுங்கும். சன்னப்பட்டணத்தில் இதற்குத் தாழை ஓலை பாவிக்கப்படுகின்றது. எம்மிடம் பனையோலையும் உண்டு. இறுதியாகத் துணியில் இரண்டொரு துளி நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்தால் வேலை முற்றுப்பெறும்.

வண்ணம்: பிள்ளையின் வாய்க்குப் போவது

பழைய கைவினைஞர்கள் சிவப்புக்குச் சாதிலிங்கத்தையும் மஞ்சளுக்கு அரிதாரத்தையும் சேர்த்தனர். முன்னையது இரசம் கலந்தது. பின்னையது பாஷாணம் கலந்தது. இரண்டும் நஞ்சு. கதவுக்கும் இரும்புக்கும் பூசும் மலிவான பெயின்ற் சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றது. அந்தப் பாதிப்பு மாறுவதில்லை. 2007இல் சீனாவில் செய்யப்பட்ட இலட்சக்கணக்கான விளையாட்டுப் பொருட்களை ஈயப் பூச்சின் காரணமாக உலகச் சந்தையிலிருந்து மீளப்பெற நேர்ந்தது.

கிலுகிலுப்பையை வாங்கும் பிள்ளை முதலில் அதை வாயில்தான் வைக்கும். எனவே வண்ணம் சேர்க்காத அரக்கின் இயல்பான பொன்னிறமே போதும். நிறம் வேண்டுமாயின் மஞ்சளுக்கு மஞ்சட்பொடி, நீலத்துக்கு அவுரி, பச்சைக்கு இவ்விரண்டின் கலவை, கறுப்புக்கு எண்ணெய் விளக்குப் புகைக்கரி என்பவற்றைப் பாவியுங்கள். மஞ்சள் வெய்யிலில் மங்கும் என்பதை வாங்குவோருக்குச் சொல்லிவிடுவது நல்லது. எடிகொப்பாக்காவில் தாவரச் சாயங்களை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தமைக்காக அறியப்பட்ட சி. வி. ராஜு அவர்களுக்கு இந்திய அரசு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. நஞ்சற்ற வண்ணத்துக்கு உலகில் மதிப்பு உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவோர் கவனத்துக்கு

பொறியில் ஏற்ற முடியாத பெரிய பொருட்களுக்கு, ஒரு லீற்றர் ஸ்பிரிட்டில் ஏறத்தாழ 240 கிராம் அரக்குத் தகட்டை ஓரிரவு ஊறவிட்டுக் கரைத்து, துணிப் பொட்டலத்தால் மெல்லிய படைகளாகப் பூசலாம். பழைய கரைசல் காயாமல் பிசுபிசுக்கும். ஆகவே ஆறு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கரையுங்கள்.

இம்முறையில் ஆபத்து அதிகம். பாண்டவர்களை எரிப்பதற்குக் கட்டிய அரக்கு மாளிகையின் கதையை நாம் கூத்தில் பார்த்திருக்கிறோம். அரக்கிலும் பார்க்க ஸ்பிரிட் பன்மடங்கு விரைவாகத் தீப்பற்றும். கிடுகும் தறப்பாளும் கொண்ட கொட்டிலுக்குள், குப்பிவிளக்குக்கு அருகில் இவ்வேலையை ஒருபோதும் செய்யலாகாது. பகலில், வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். மெருகிடும் ஸ்பிரிட்டில் மெதனோல் என்ற நஞ்சு கலக்கப்பட்டிருக்கும். அதைக் குடித்துக் கண்ணிழந்தோரும் உயிரிழந்தோரும் உண்டு. எனவே குடிதண்ணீர்ப் போத்தல்களில் அதனை ஊற்றி வைக்காதீர்கள். கடைகளில் ‘லக்கர்’ என்று விற்கப்படும், விசிறியடிக்கும் இரசாயனப் பூச்சுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பொருளின் வரம்பு

அரக்கு மெருகு சூடான பாத்திரத்தைத் தாங்காது. வெள்ளைத் தழும்பு விழும். சவர்க்காரமும் சோடாவும் அதைக் கரைக்கும். நீண்ட நேரம் தண்ணீரில் ஊறினாலும் வெளிறும். ஆகவே மோர் கடையும் மத்தின் பிடிக்கு மட்டும் அரக்கிடுங்கள். தலையை வெறும் மரமாகவே விடுங்கள். தேநீர்க் கோப்பைக்கும் கறிக் கிண்ணத்துக்கும் இது வேண்டாம். சிமிழ், பம்பரம், பூச்சாடி, கட்டிற்கால், விளையாட்டுப் பொருள் என்பனவே இதற்கு உரியவை.

கணக்கு

விலை சொல்லுமுன் மரம், அரக்கு, அரத்தாள், பேருந்துச் செலவு ஆகியவற்றோடு இருவரின் உழைப்பு நேரத்தையும் எழுதுங்கள். பழுதாகும் பொருட்களையும் கணக்கிற் கொள்ள வேண்டும். உதாரணமாக 20 பம்பரம் கடைந்து 4 பழுதானால், இருபதின் செலவையும் அந்தப் 16உமே தாங்க வேண்டும். இக்கணக்கு கையில் இல்லாதவர் வியாபாரி சொல்லும் விலைக்கே தலையாட்ட நேரும்.

வியாபாரி முற்பணம் தருவதாகச் சொன்னால், விலையை முதலில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கடன் பட்டு மின்பொறி வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு கடைச்சலையும் ஒரு கிலோ அரக்கையும் பொதுவில் வாங்கி, முறைவைத்துப் பாவிக்கலாம். ஒவ்வொரு முறையும் செய்த பொருட்களில் மிகச் சிறந்த ஒன்றை விற்காமல் வைத்திருங்கள். அடுத்த முறை செய்பவை அதற்குச் சமமாக வந்தால் மட்டும் சந்தைக்கு அனுப்புங்கள். ஊர் மாறி வந்தவர்களுக்கு அறிமுகமில்லாத சந்தையில் நல்ல பெயரைத் தேடித்தருவது இந்த ஒழுங்குதான்.