குளிருக்கு எது நல்லது?

மார்கழி பிறந்து உதகையில் உறைபனி விழத் தொடங்கிவிட்டால், எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் ஆண்டுதோறும் ஒரு விவாதமும் தொடங்கிவிடும். குளிருக்கு எது நல்லது, பிராந்தியா, ரம்மா? வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பிராந்திக் கட்சி. வெல்லிங்டனில் பணியாற்றிய சுபேதார் ரம் கட்சி. மகன் அயல்நாட்டிலிருந்து கொண்டுவரும் ஸ்காட்ச் விஸ்கியைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்பவரும் ஒருவர் உண்டு. நான் நெடுங்காலம் ரம் கட்சியில் இருந்தவன். என் வாழ்நாளின் பெரும்பகுதி மாணவர்களுக்கு நுகர்வோர் விருப்பம் பற்றிக் கற்பிப்பதில் கழிந்தது. ஆயினும் என் சொந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்று ஓய்வு பெறும்வரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்த்தபோது விடை எளிதாகவே கிடைத்தது. இளம் விரிவுரையாளனாக நான் குடியிருந்த தெருவில் முன்னாள் படைவீரர்கள் பலர் இருந்தனர். இராணுவ கேண்டீனில் அவர்களுக்குக் கிடைத்தது ரம்; விருந்துக்கு அழைத்தால் ஊற்றியதும் ரம். வங்கி நண்பரின் கதை வேறு. அவர் வளர்ந்த வீட்டில் மருந்து அலமாரியில் ஒரு பிராந்தி பாட்டில் இருந்ததாம். சளி பிடித்தால் ஒரு கரண்டி, பிரசவித்த பெண்ணுக்கு ஒரு கரண்டி. ஆக, எங்கள் இருவரின் ‘ருசி’யும் எங்கள் நாக்கில் பிறந்தது அன்று, கைக்கு எட்டிய பாட்டிலில் பிறந்தது.

நுகர்வோர் எதை வாங்குகிறாரோ, அதுவே அவர் விருப்பத்தை வெளிப்படுத்துகிறது என்ற கருத்தை பால் சாமுவேல்சன் 1938-இல் முன்வைத்தார். இன்றும் பாடநூல்களில் அது இருக்கிறது. ஆனால் அந்தக் கருத்து பயனளிக்க வேண்டுமானால், வாங்குபவர் முன் உண்மையான தெரிவுகள் இருக்க வேண்டும். எதை வாங்குகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். தமிழக மதுக்கடையில் இவ்விரண்டும் உண்டா?

முதலில் தெரிவு. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடியும் விலக்கப்பட்டது. மதுவிலக்குக் காலத்தில் முறையாகக் குடிக்க விரும்பியவர்கள் உடல்நலக் காரணம் காட்டி அனுமதிச் சீட்டு பெற வேண்டியிருந்தது. மருந்து என்ற பெயருக்கு மிக நெருக்கமாக நின்ற மது பிராந்திதான். வடக்கே விஸ்கி கோலோச்ச, தெற்கே பிராந்தி வேரூன்றியதில் இந்த வரலாற்றுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. 1983-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனை உரிமையைப் பெற்றது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. எந்த ஆலையிடமிருந்து எந்த வகையை எவ்வளவு வாங்குவது என்பதை இன்று முடிவு செய்வது ஒரே ஒரு வாடிக்கையாளர். அது அரசு நிறுவனம். கடைக்கு முன் நிற்பவர் அந்த முடிவுக்குள்தான் தேர்ந்தெடுக்கிறார். தோட்டத் தொழிலாளர்கள் பலர் பெயரைக்கூடச் சொல்வதில்லை. விலையைச் சொல்லி, ‘ஒரு குவார்ட்டர்’ என்று கையை நீட்டுகிறார்கள்.

அடுத்தது, பாட்டிலில் இருப்பது என்ன என்ற கேள்வி. ஸ்காட்ச் விஸ்கி என்றால் அது ஸ்காட்லாந்தில் தானியத்திலிருந்து வடிக்கப்பட்டு, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் உறங்கியிருக்க வேண்டும். முறையான பிராந்தி திராட்சை மதுவிலிருந்து வடிப்பது. ரம் கரும்பிலிருந்து வருவது. நம் ஊரில் குறைந்த விலையில் விற்கும் பெரும்பாலான விஸ்கிக்கும் பிராந்திக்கும் அடிப்படை ஒன்றே: சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து வடித்த எரிசாராயம். அதில் நீரும் நிறமும் மணமும் சேரும். சிறிதளவு மால்ட் விஸ்கியோ திராட்சைச் சாராயமோ கலக்கப்படும். பிறகு பெயர் சூட்டப்படும். இதில் சட்டமீறல் ஏதுமில்லை. நம் நாட்டு விதிகள் இதை அனுமதிக்கின்றன. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியத்திலிருந்து வடிக்காத எதையும் விஸ்கி என்று விற்க முடியாது. எங்கள் குழுவின் பிராந்திக் கட்சியும் ரம் கட்சியும் இத்தனை ஆண்டுகளாகச் சண்டையிட்டது பெரும்பாலும் ஒரே கரும்பின் இரண்டு பெயர்களுக்காக. ரம் மட்டுமாவது தன் பெயருக்கு நேர்மையாக இருக்கிறது.

நல்ல மது இந்தியாவில் உருவாகவில்லை என்று இதற்குப் பொருளில்லை. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004-இல் கிளாஸ்கோவில் அறிமுகப்படுத்தி, ஸ்காட்லாந்துக்காரர்களையே வியக்க வைத்தது. அங்கே பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு அளவுக்கு ஆவியாகும். பெங்களூரின் வெப்பத்தில் பத்து விழுக்காட்டுக்கும் மேல். அதனால் இங்கே மது விரைவில் முதிர்கிறது, விலையும் கூடுகிறது. அந்த ருசி உண்மையானதே. ஆனால் பசுந்தேயிலைக் கணக்கில் வாழ்பவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய், மலிவான குவார்ட்டர் 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சிறு விவசாயி ஒருவர் அந்த மலிவான குவார்ட்டருக்கே ஏழு கிலோ இலை கொடுக்கிறார். உரமும் பறிப்புக் கூலியும் போக, அவர் கையில் நிற்பதைக் கொண்டு கணக்கிட்டால் எடை இன்னும் கூடும்.

பெயர் எதுவாயினும் உடலுக்குத் தெரிந்தது ஒரே பொருள். நம் கடைகளில் விஸ்கி, ரம், பிராந்தி எல்லாவற்றிலும் ஆல்கஹால் பொதுவாக 42.8 விழுக்காடு. 180 மில்லியில் 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். 10 கிராமை ஓர் அளவு என்று கொள்ளும் வழக்கப்படி, ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. ‘ஒன்றே ஒன்றுதான் சாப்பிட்டேன்’ என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. அந்த ஒன்றுக்குள் ஆறு இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இனி, குளிர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மாணவன் ஒருவனின் தந்தை, தேயிலைத் தோட்டத்தில் இரவுக் காவலராக இருந்தார். ஒரு தை மாதக் காலையில், காவல் குடிசைக்கு வெளியே சாக்குப் போர்வையோடு உட்கார்ந்த நிலையில் அவர் இறந்து கிடந்தார். அருகில் காலியான பிராந்தி பாட்டில். துக்கம் விசாரிக்கச் சென்ற என்னிடம் மாணவன் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: “அப்பா குடிகாரர் இல்லை சார். குளிருக்குத்தான் குடித்தார்.”

அங்கிருந்த மருத்துவர் பிறகு எனக்கு விளக்கினார். மது உள்ளே சென்றதும் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெதுவெதுப்பான இரத்தம் மேற்பரப்புக்கு வருவதால் உடல் சூடானது போன்ற உணர்வு எழுகிறது. உண்மையில் அந்தச் சூடு தோல் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. உள்ளுறுப்புகளின் வெப்பநிலை இறங்குகிறது. அதை ஈடுகட்ட வேண்டிய நடுக்கமும் குறைகிறது. எழுந்து உள்ளே போக வேண்டும் என்ற எண்ணமும் மங்குகிறது. பிராந்தி, ரம், விஸ்கி எதுவாயினும் இதில் வேறுபாடு இல்லை. அன்றிரவு வீடு திரும்பி, குளிராக இருக்கிறதென்று நான் ரம் ஊற்றிக்கொண்டதை இங்கே மறைக்க விரும்பவில்லை. என் வீட்டில் கதவும் கம்பளியும் இருந்தன. அவருக்கும் எனக்கும் இருந்த வேறுபாடு அவ்வளவுதான்.

‘பனிமலையில் இராணுவத்தினருக்கு ரம் கொடுக்கிறார்களே’ என்று கேட்கலாம். சுபேதார் நண்பரிடம் நானும் கேட்டேன். “அங்கே அளவு அதிகாரியின் கையில் இருந்தது; குடித்தபின் காவலுக்கு அனுப்பமாட்டார்கள்” என்றார். ரம் பங்கீட்டுக்குப் பேர்போன பிரிட்டிஷ் கடற்படையே 1970 ஜூலை 31-ஆம் நாளோடு அந்த வழக்கத்தை முடித்துக்கொண்டது.

மதுவை ஒரே நாளில் ஒழித்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்துவிட முடியாது. அரசின் நிதிநிலையும் தடுக்கிறது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த இராஜாஜி, இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அந்த வரி நிலைத்துவிட்டது. மதுவும் திரும்பி வந்துவிட்டது. 2023-24-இல் மது வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,800 கோடி ரூபாயைத் தாண்டியது. இவ்வளவு வருவாய் ஈட்டும் ஒரே விற்பனையாளருக்கு, தான் விற்பது என்ன என்பதை வாங்குபவரிடம் சொல்லும் கடமையும் உண்டு.

இந்தக் கடமையை நிறைவேற்ற முடியும் என்பதற்கு எங்கள் மாவட்டமே சான்று. காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் பாதங்களைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். பாட்டில்களில் மிகப் பெரும்பான்மை கடைக்கே திரும்பி வந்தது. திட்டம் பின்னர் பிற மாவட்டங்களுக்கும் சென்றது. குடிப்பவர்களுக்கு எதைச் சொன்னாலும் ஏறாது என்ற வாதம் அந்தக் காலி பாட்டில்களோடு உடைந்துபோனது.

யானையின் காலுக்காகச் செய்ததை மனிதனின் உயிருக்காகவும் செய்யலாம். பாட்டிலில் தமிழில் மூன்று தகவல்கள் போதும்: எதிலிருந்து வடித்தது, இதில் எத்தனை அளவு இருக்கிறது, எவ்வளவு முதிர்ந்தது. மலை மாவட்டக் கடைகளில் நான்காவதாக ஒரு பலகை: ‘மது குளிரைப் போக்காது, குடித்துவிட்டு வெளியில் உறங்காதீர்.’ ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்ட கண்களுக்கு இந்தச் செய்தி புதிதாக இருக்கும். இவற்றை அறிந்தபின் ஒருவர் ரம்மைத் தேர்ந்தெடுத்தால், அதை விருப்பம் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

இந்த மார்கழியிலும் விவாதம் தொடங்கிவிட்டது. குளிருக்கு எது நல்லது என்று என்னிடமும் கேட்டார்கள். முதலில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள், கம்பளியைப் போர்த்துங்கள், சூடாக ஒரு தேநீர் குடியுங்கள் என்றேன். அதன் பிறகு என்ன குடிப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால் குளிரின் பெயரால் குடிக்க வேண்டாம்.