காணாமற்போன பத்து நாட்கள்



ஒவ்வோர் ஆண்டும் தவக்காலம் தொடங்கும்போது பங்குகளில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “கிறிஸ்மஸ் எப்போதும் டிசம்பர் 25-ல் வருகிறது. ஈஸ்டர் மட்டும் ஏன் ஃபாதர் ஓடிக்கொண்டே இருக்கிறது?” மறைக்கல்வி மாணவர்களும் கேட்பார்கள், திருமணத் தேதி குறிக்க வரும் பெற்றோரும் கேட்பார்கள். “பௌர்ணமியைப் பொறுத்தது” என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். அது சரியான பதில்தான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஆயிரத்து எழுநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் தினமும் கிழிக்கும் நாட்காட்டியும் அந்த வரலாற்றில் பிறந்ததுதான்.

கி.பி. 325-ல் இன்றைய துருக்கியில் உள்ள நீசேயாவில் கூடிய பொதுச்சங்கம், கிறிஸ்தவர்கள் அனைவரும் ஆண்டவரின் உயிர்ப்பை ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. இளவேனிலில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளுக்குப் பின் வரும் முழுநிலவைப் பார்த்து, அதற்கு அடுத்த ஞாயிறைக் கொண்டாடுவது என்பது பின்னர் நிலைபெற்ற வழக்கம். அந்தச் சமநாள் மார்ச் 21 என்று கொள்ளப்பட்டது. எனவே உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22-க்கு முன்னரும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னரும் வராது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை ஒளிந்திருந்தது. அன்று வழக்கில் இருந்தது யூலியுஸ் சீசர் கி.மு. 45 முதல் நடைமுறைப்படுத்திய நாட்காட்டி. அதற்கு முந்தைய ஆண்டில், குழம்பிக் கிடந்த மாதங்களைச் சரிசெய்ய 445 நாள் கொண்ட ஓர் ஆண்டையே ரோமையர்கள் கழிக்க வேண்டியிருந்தது! சீசரின் கணக்கில் ஓர் ஆண்டு என்பது 365 நாள் 6 மணி நேரம். அந்த ஆறு மணி நேரங்களைச் சேர்த்து நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிப்ரவரியில் ஒரு நாள் கூட்டினார்கள். ஆனால் பருவங்கள் திரும்பி வர உண்மையில் ஆகும் காலம் 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி. ஆண்டுக்குப் பதினொரு நிமிடம் சொச்சம் அதிகமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பதினொரு நிமிடம் என்பது ஞாயிறு மறையுரையில் நாங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் நேரத்தை விடக் குறைவுதான். ஆனால் அது 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகிவிடுகிறது. நீசேயாவிலிருந்து 1582 வரை 1257 ஆண்டுகள். 128 ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய பத்து வரும். அதாவது, வானத்தில் சமநாள் மார்ச் 11-லேயே வந்துவிட, நாட்காட்டி மட்டும் மார்ச் 21-க்காகக் காத்துக்கொண்டிருந்தது. நிலவுக் கணக்கிலும் இதே கதை. 19 ஆண்டுகளில் 235 பிறைமாதங்கள் என்ற பழைய கிரேக்கச் சூத்திரம் அருமையானதுதான், ஆனால் சீசரின் ஆண்டோடு அதைச் சேர்த்தால் சுமார் 310 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். வானில் பௌர்ணமி முடிந்து தேய்பிறை தொடங்கிய பிறகே அட்டவணையில் பௌர்ணமி வந்தது.

இதை ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பிரான்சிஸ்கன் துறவி ரோஜர் பேக்கன் 1267-லேயே திருத்தந்தை 4ம் கிளமெண்டுக்கு எழுதிய நூலில் இதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். 1475-ல் திருத்தந்தை 4ம் சிக்ஸ்துஸ், ரெஜியோமொண்டானுஸ் என்ற ஜெர்மன் வானியலாளரை இதற்காகவே ரோமைக்கு அழைத்தார். அவர் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். பின்னர் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் ஐரோப்பாவின் அறிஞர்களிடம் கருத்துக் கேட்டது. கேட்கப்பட்டவர்களுள் கோப்பர்நிக்கசும் ஒருவர். ஆண்டின் நீளமே இன்னும் சரியாக அளக்கப்படாத நிலையில் எதைத் திருத்துவது என்பது அவர் நிலைப்பாடு. 1543-ல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலைத் திருத்தந்தை 3ம் பவுலுக்குக் காணிக்கையாக்கி எழுதிய முன்னுரையில் இந்த நாட்காட்டிச் சிக்கலையும் அவர் குறிப்பிடுகிறார். திருச்சபையும் அறிவியலும் என்றாலே கலிலேயோவின் வழக்கு ஒன்றுதான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்படுகிறது. அந்த வழக்கு நடந்தது உண்மை, அதை மறைக்கவும் கூடாது. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே ரோமையில் நடந்த இந்த வேலையையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும் என்பது என் எண்ணம்.

தீர்வைக் கண்டுபிடித்தவர் பெரிய பதவியில் இருந்தவர் அல்லர். தென் இத்தாலியின் கலாபிரியா பகுதியைச் சேர்ந்த மருத்துவர் அலோய்சியுஸ் லிலியுஸ். 1576-ல் அவர் இறந்துவிட, அவருடைய தம்பி அந்தோனியோ அண்ணனின் கையெழுத்துப் பிரதியை ரோமையில் திருத்தந்தை 13ம் கிரகோரி அமைத்திருந்த குழுவிடம் கொண்டு சேர்த்தார். அந்தக் குழுவில் இயேசு சபைக் கணித அறிஞர் கிறிஸ்டோபர் கிளாவியுஸ் இருந்தார். சீனாவுக்கு மறைப்பணியாளராகச் சென்ற மத்தேயு ரிச்சிக்குக் கணிதம் கற்றுக்கொடுத்தவர் இவரே. கீழைநாட்டு வானியலை அறிந்த சிரியத் திருச்சபையின் முன்னாள் முதுபெரும் தந்தை ஒருவரும் அக்குழுவில் அமர்ந்து ஆலோசனை சொன்னார். லிலியுஸின் யோசனை மிக எளிது. நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில், 400 ஆல் வகுபடுவதற்கு மட்டும் பிப்ரவரி 29 கொடுங்கள், மற்றவற்றுக்கு வேண்டாம். 1700, 1800, 1900 ஆகியவை லீப் ஆண்டுகள் அல்ல, யூபிலி ஆண்டான 2000 லீப் ஆண்டு. 400 ஆண்டுகளில் 100 லீப் ஆண்டுகளுக்குப் பதில் 97. இதனால் பிழை மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் ஒரு நாளாகக் குறைந்துவிட்டது. (கணினியில் எக்செல் பயன்படுத்துகிறவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அது 1900-ஐ லீப் ஆண்டாகவே வைத்திருக்கிறது! ஒரு பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக அப்படியே விட்டுவிட்டார்களாம்.)

அளப்பதற்குக் கருவி என்ன என்று கேட்பீர்கள். தொலைநோக்கி இன்னும் வராத காலம். வத்திக்கானில் ‘காற்றுகளின் கோபுரம்’ என்று ஒன்று கட்டப்பட்டது. தொமினிக்கன் சபையைச் சேர்ந்த இஞ்ஞாசியோ தாந்தி என்ற கணித வல்லுநர் அதன் சுவரோவியம் ஒன்றில் சிறு துளை வைத்து, தரையில் வடக்கு தெற்காக ஒரு கோடு போட்டார். நண்பகலில் துளை வழியே விழும் சூரிய ஒளி அந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் சூரியன் உச்சிக்கு ஏறும்போது ஒளிப்புள்ளி சுவருக்கு அருகில் விழும், குளிர்காலத்தில் தூரப் போய் விழும். எந்த நாளில் அது சமநாளுக்குரிய இடத்தைத் தொடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். துளை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அளவு அவ்வளவு நுட்பமாக வரும். உயரமும் நீளமும் இருட்டும் ஒருங்கே அமைந்த கட்டடம் எது? பேராலயம்! எனவேதான் இத்தாலியப் பேராலயங்கள் சிலவற்றின் தரையில் இன்றும் இத்தகைய கோடுகளைக் காணலாம். பொலோனியாவின் புனித பெத்ரோனியோ பேராலயத்தில் 1655-ல் கசீனி அமைத்த கோடு ஏறக்குறைய 67 மீட்டர் நீளம், துளை 27 மீட்டர் உயரத்தில். ரோமையில் வானதூதர்கள் மற்றும் மறைசாட்சியரின் புனித மரியா பேராலயத்திலும் 1702-ல் ஒன்று அமைக்கப்பட்டது. திருப்பயணமாகச் செல்பவர்கள் அண்ணாந்து ஓவியங்களைப் பார்ப்பதோடு, கொஞ்சம் குனிந்து தரையையும் பார்த்துவிட்டு வரலாம்.

1582 பிப்ரவரி 24 தேதியிட்ட ஆணைமடல் வழியாகத் திருத்தந்தை கிரகோரி நாட்காட்டியை மாற்றினார். அவ்வாண்டு அக்டோபர் 4, வியாழன், அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருநாள். மறுநாள் வெள்ளி அக்டோபர் 15! கிழமை மாறவில்லை, தேதி மட்டும் பத்து நாள் தாவியது. திருநாட்கள் குறைவாக உள்ள காலம் என்பதால் அந்த வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவிலா நகர் புனித தெரேசா ஸ்பெயினில் இறந்தது சரியாக அந்த இரவில்தான். அவருடைய திருநாள் அக்டோபர் 15-ல் வருவதன் காரணம் இதுவே.

இங்கே ஒரு கேள்வி எழும். மாதச் சம்பளக்காரனுக்கும் வாடகைக்காரனுக்கும் என்ன ஆயிற்று? 21 நாள் உள்ள மாதத்துக்கு முழு வாடகை கேட்டால் ஏழை என்ன செய்வான்? ஆணைமடல் இதை மறந்துவிடவில்லை. தவணைகள் தொடர்பான வழக்குகளில் நீதிபதிகள் அந்தப் பத்து நாட்களைக் கணக்கில் கொண்டு, தவணையின் இறுதியில் பத்து நாள் சேர்த்துத் தர வேண்டும் என்று அதிலேயே எழுதப்பட்டுள்ளது. வானியலைப் பற்றிய ஓர் ஆவணத்தில் கடன்காரனுக்கும் இடம் இருந்தது எனக்குப் பிடித்த செய்தி.

ஸ்பெயின், போர்த்துக்கல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவை உடனே ஏற்றன. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் ஏற்றது. சீர்திருத்த சபையினர் ஏற்கவில்லை. கணக்கில் அவர்களுக்கு ஐயம் இருந்ததைவிட, கணக்கை அனுப்பிய ஆளிடம்தான் ஐயம் இருந்தது. ஆக்ஸ்பர்க் நகரில் 1584-ல் தெருக் கலவரமே நடந்தது. அவர்களிடையே இருந்தும் யோகான்னஸ் கெப்ளர் போன்ற லூத்தரன் அறிஞர் இந்த நாட்காட்டிக்காக வாதாடினார் என்பது குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியின் சீர்திருத்த சபைப் பகுதிகள் 1700-ல்தான் மாறின. சுவீடன் நாடு சிறிது சிறிதாக மாறுவோம் என்று தொடங்கி, பாதியில் குழம்பி, பழையபடி திரும்புவதற்காக 1712-ல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளையே உண்டாக்கியது!

இங்கிலாந்து 1752-ல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று அறிவித்தது. அதற்குள் வேறுபாடு பதினொரு நாளாகியிருந்தது. “எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு” என்று மக்கள் கலகம் செய்ததாகப் பல நூல்களில் இருக்கிறது. அப்படிக் கலகம் நடந்ததற்குச் சான்று இல்லை என்பதே இன்றைய வரலாற்று ஆசிரியர்களின் கருத்து. அதுவரை அங்கே புத்தாண்டு தொடங்கியது மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25-ல். பிரிட்டனின் வரி ஆண்டு இன்றும் ஏப்ரல் 6-ல் தொடங்குவது அதன் மிச்சம்.

இந்தக் குழப்பம் நம் கடற்கரைக்கும் வந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்தபோது, பிரெஞ்சுக் கணக்கில் அது செப்டம்பர் 21, உள்ளே இருந்த ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே பதினொரு நாள்! நம் தமிழ் மாதக் கணக்கோ இரண்டிலும் சேராதது. அது விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது, அதன் ஆண்டு சற்று நீளம். எனவே ஆங்கிலத் தேதியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் பின்தள்ளிப் போகும். 1863-ல் ஜனவரி 12-ல் வந்த மகர சங்கராந்தி இன்று 14 அல்லது 15-ல் வருகிறது. சுதந்திர இந்தியா மேக்நாத் சாகா தலைமையில் 1952-ல் ஒரு குழு அமைத்து, அதன் பரிந்துரைப்படி 1957-ல் தேசிய நாட்காட்டி ஒன்றை வெளியிட்டது. கணக்குச் சரி. மக்கள் அதைக் கையில் எடுக்கவில்லை. நாட்காட்டி என்பது கணக்கு மட்டும் அல்ல என்பதைத் திருத்தந்தை கிரகோரியும் சாகாவும் ஒரே விதமாக அனுபவித்திருக்கிறார்கள்.

மீண்டும் ஈஸ்டர் தேதிக்கு வருவோம். திருச்சபை பார்ப்பது அட்டவணைப் பௌர்ணமியை, வானத்துப் பௌர்ணமியை அல்ல. 2019-ல் மார்ச் 20 இரவு சமநாள் வந்தது, சில மணி நேரத்தில் முழுநிலவும் வந்தது. வானத்தின்படி மார்ச் 24 உயிர்ப்பு ஞாயிறாகியிருக்க வேண்டும். அட்டவணையிலோ அந்தப் பௌர்ணமி மார்ச் 20-லேயே முடிந்துவிட்டதால், அடுத்த பௌர்ணமிவரை காத்திருந்து ஏப்ரல் 21-ல் கொண்டாடினோம். இலங்கை ஆலயங்களில் குண்டுகள் வெடித்த, நாம் மறக்க முடியாத அந்த ஞாயிறுதான் அது. உலகில் எந்த ஊரில் நின்று நிலவைப் பார்ப்பது என்ற சண்டை வராமல் இருக்கவே அட்டவணை.

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பான்மையானவை இன்றும் உயிர்ப்பு ஞாயிறைச் சீசரின் நாட்காட்டியின்படியே கணக்கிடுகின்றன. அவர்களுடைய மார்ச் 21 நம் ஏப்ரல் 3. நிலவு அட்டவணையும் நான்கைந்து நாள் பிந்தியது. எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று நீசேயாவில் கூடியவர்கள் விரும்பியது இந்த இடத்தில் உடைந்து கிடக்கிறது. மற்ற சபைகள் இசைந்தால் குறிப்பிட்ட ஒரு ஞாயிறை நிலையாக வைப்பதற்குத் தடையில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-லேயே அறிவித்தது. நீசேயாவின் 1700ம் ஆண்டான 2025-ல் இரு சாராருக்கும் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 20-ல் ஒன்றாக வந்தது. பொதுவான ஒரு தேதியை ஏற்கக் கத்தோலிக்கத் திருச்சபை தயார் என்று அவ்வாண்டு ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கூறியிருந்தார். அந்த ஈஸ்டருக்கு மறுநாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

2026-ல் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு ஏப்ரல் 12. 2027-ல் நமக்கு மார்ச் 28, அவர்களுக்கு மே 2. மறுபடியும் இருவரும் ஒரே நாளில் அல்லேலூயா பாடுவது 2028 ஏப்ரல் 16-ல்.